தொலையாமல் பறப்பது: ஒரு புத்தகமும் ஒரு விபத்து அறிக்கையும்

'குட்டி இளவரசன்' படித்தவர்களுக்கு அந்த விமானியை மறந்திருக்காது. பாலைவனத்தில் எஞ்சின் பழுதாகி, தன்னந்தனியாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பார். கதையில் அவரிடம் எட்டு நாளைக்குத் தண்ணீர் இருந்தது. நிஜத்தில் ஒரு நாளைக்குக்கூட இல்லை.

அந்த நிஜத்தை அந்த்வான் து செந்த்-எக்சுபெரி தனியாக ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1939இல் பிரெஞ்சில் வந்தது. அதே ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது. ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'காற்று, மணல், நட்சத்திரங்கள்'. பறப்பதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக அழகான புத்தகம் என்று பல தலைமுறை வாசகர்கள் கொண்டாடுவது இதைத்தான். அழகு விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சின்ன விமானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு மேலே பறக்கிறவன் என்ன பழக்கங்களோடு பறக்கணும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால், இந்தப் புத்தகம் வேறு மாதிரி தெரிகிறது. பக்கத்தில் நம்ம ஊர் விபத்து ஒன்றின் விசாரணை அறிக்கையை வைத்துப் படித்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

என்ன நடந்தது

1935 டிசம்பர் கடைசி. பாரிஸிலிருந்து சைகோன் வரை யார் வேகமாகப் போவது என்று ஒரு பரிசுப் போட்டி. செந்த்-எக்சுபெரியும் அவருடைய மெக்கானிக் ப்ரெவோவும் கோத்ரோன் சிமூன் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்புகிறார்கள். பெங்காசியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, ராத்திரியில் கெய்ரோவை நோக்கிப் பறக்கிறார்கள். கீழே விளக்கு இல்லை, நடுவில் மேகம். காற்று முதுகுப் பக்கம் தள்ளுகிறது என்று நினைத்துக் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குப்படி நைல் நதியை நெருங்கியிருக்கணும். வெளிச்சம் தேடிக் கீழே இறங்குகிறார். டிசம்பர் 30 அதிகாலை, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் மணல் மேட்டில் மோதுகிறார்கள். உருண்டைக் கற்கள் மேல் சறுக்கி விமானம் நிற்கிறது. இருவருமே பிழைத்தது அதிசயம்தான்.

தண்ணீர்த் தொட்டி உடைந்து எல்லாம் மணலில் போய்விட்டது. மிச்சம் இருந்தது கொஞ்சம் காபி, கொஞ்சம் வெள்ளை ஒயின், சில பழங்கள். ரேடியோ கிடையாது. எடையைக் குறைத்து அதிகமாகப் பெட்ரோல் ஏற்றுவதற்காக அதைக் கிளம்பும்போதே எடுத்துப் போகவில்லை. முதல் நாட்களில் நடந்து போய் விமானத்துக்கே திரும்பி வருகிறார்கள். பிறகு விமானத்தை விட்டுவிட்டு ஒரே திசையில் நடக்கிறார்கள். கானல் நீர், நாக்கு வீக்கம், பிரமை. கடைசியில் ஒட்டகத்தில் வந்த ஒரு பெடூயின் அவர்களைப் பார்த்துத் தண்ணீர் கொடுக்கிறார்.

அந்தத் தண்ணீரைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரைச் சாதாரணமாகக் குடிக்க முடியாது. அது உண்மை. அதை எடுத்துவிட்டு இந்தப் புத்தகத்தை விமர்சிப்பது நியாயமாகாது.

புத்தகம் நழுவிப்போகும் இடம்

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்த பிறகு நடந்த நாட்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. விழுவதற்கு முன்னால் எடுத்த முடிவுகள் போகிற போக்கில் சொல்லப்படுகின்றன. ரேடியோ வேண்டாம் என்றது, காற்றைச் சரிபார்க்க வழியில்லாமல் ராத்திரியில் மேகத்துக்கு ஊடே போனது, எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாமலே கீழே இறங்கியது, தண்ணீரை எல்லாம் ஒரே தொட்டியில் வைத்தது. இந்த நாலும் அவருக்கு வானிலை மாதிரி, வந்து சேர்ந்த விஷயங்கள். பாலைவனம் மனிதனுடைய ஆன்மாவுக்கு வைக்கும் பரீட்சை ஆகிவிடுகிறது. அந்தப் பரீட்சைக்கு யார் பேர் கொடுத்தது என்ற கேள்வி வருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பதில் அதே புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய நண்பர் கியோமே 1930 ஜூனில் ஆண்டஸ் மலையில் பனிப்புயலில் சிக்கி ஓர் ஏரிக்கரையில் இறங்குகிறார். நாள் கணக்காகப் பனியில் நடக்கிறார். ஒரு கட்டத்தில் இனி முடியாது, இங்கேயே படுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அப்போது மனைவி ஞாபகம் வருகிறது, கூடவே இன்ஷூரன்ஸ் ஞாபகமும். உடல் கிடைக்காவிட்டால் சட்டப்படி இறந்ததாக அறிவிக்கப் பல வருஷம் ஆகும். அதுவரை பணம் வராது. அதனால் கோடையில் பனி உருகும்போது உடல் கண்ணில் படுகிற மாதிரி, எதிரே தெரியும் பாறை வரைக்குமாவது போய்ச் சாகலாம் என்று எழுந்திருக்கிறார். எழுந்தவர் நடந்துகொண்டே போய்ப் பிழைத்துவிடுகிறார்.

செந்த்-எக்சுபெரி இதைப் பொறுப்புணர்வின் உச்சம் என்று போற்றுகிறார். சரிதான். நான் இதில் இன்னும் எளிமையான ஒன்றைப் பார்க்கிறேன்: கண்டுபிடிக்கப்படுவது ஒரு கடமை. வனாந்தரத்தின் மேல் பறப்பவனுக்கு அதுவே முதல் கடமை. நண்பனிடம் அதைக் கண்டு கும்பிட்டவர், ஐந்து வருஷம் கழித்துத் தானே ரேடியோ இல்லாமல் கிளம்பினார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நானூறு கிலோமீட்டருக்குள்

லிபியப் பாலைவனமும் ஆண்டஸும் நமக்கு ரொம்ப தூரம். ஆனால் இந்தக் கேள்வி நமக்குப் பக்கத்திலேயே எழுந்திருக்கிறது.

2009 செப்டம்பர் 2 காலை ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத் பேகம்பேட்டிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். அரசுக்குச் சொந்தமான பெல் 430. விமானிகள் உட்பட 5 பேர். ஒரு மணி நேரத்துக்குள் நல்லமலைக் காட்டுக்கு மேலே தொடர்பு அறுந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள், போர் விமானம், செயற்கைக்கோள் படங்கள், ஆயிரக்கணக்கான போலீஸ், காட்டு வழி தெரிந்த பழங்குடி மக்கள் என எல்லோரும் தேடினார்கள். ஒரு மாநிலத்தின் முதல்வர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சுமார் 24 மணி நேரம் ஆனது. மறுநாள் காலையில்தான் கர்நூல் பக்கம் ஒரு குன்றின் மேல் சிதைவுகள் தெரிந்தன. யாரும் பிழைக்கவில்லை.

உத்திரமேரூர் பக்கம் சாலவாக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தக் குன்று இங்கிருந்து நேர்கோட்டில் நானூறு கிலோமீட்டருக்குள்தான். இங்கே ஒரு சின்ன விமானம் ஏரிக்குள் இறங்கினால் பத்து நிமிஷத்தில் பாதி ஊர் கரையில் நிற்கும், போனில் வீடியோ ஓடும். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியபோது அப்படித்தான் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை, தேட வேண்டிய அவசியமும் இல்லை. ஆக, 'ஒதுக்குப்புறம்' என்பது கிலோமீட்டர் கணக்கு இல்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியாத இடம் எதுவோ அதுதான் ஒதுக்குப்புறம்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2008 ஆகஸ்டில், ஹைதராபாத்திலிருந்து ராய்ப்பூர் கிளம்பிய இன்னொரு பெல் 430 காட்டில் காணாமல் போயிருந்தது. அதில் இருந்தவர்கள் 4 பேர். அதன் சிதைவு கிடைத்தது நவம்பரில்தான். அந்த மூன்று மாதத்தை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம்.

ஆறு நிமிடம்

முதல்வர் விபத்தை விசாரிக்க ஆர்.கே. தியாகி தலைமையில் குழு போடப்பட்டது. குழுவின் முடிவுகளில் என்னை நிறுத்திய வரி இதுதான்: டிரான்ஸ்மிஷன் எண்ணெய் அழுத்தம் தொடர்பான ஒரு கோளாறைத் தீர்ப்பதில் விமானிகள் ஆறு நிமிடங்களுக்கு மேல் மூழ்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் மோசமான வானிலைக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு கடுமையான கீழ்நோக்கிய காற்றில் சிக்கி, கட்டுப்பாடு இழந்து, படுவேகமாக இறங்கியது. அவசரகால சிக்னல் கருவியாலும் தேடியவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை.

செந்த்-எக்சுபெரியின் புத்தகத்தில் இல்லாத ஆறு நிமிடம் இதில் இருக்கிறது. வீரம் கிடையாது, கோழைத்தனமும் கிடையாது. அனுபவமுள்ள இரண்டு பேர் ஒரு சின்னப் பிரச்சினையை ஒழுங்காகத் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்வதே ஆபத்தாக மாறும் இடம் அது. வெளியே பார்க்கிற வேலையும் 'திரும்பிடலாமா' என்று கேட்கிற வேலையும் அந்த ஆறு நிமிஷத்தில் யாருடைய கையிலும் இல்லை.

நாம் இந்த அறிக்கையை எப்படிப் படித்தோம் என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 'மோசமான வானிலை' என்ற இரண்டு வார்த்தைதான் பெரும்பாலும் செய்தியாக மிஞ்சியது. இன்னொரு பக்கம் சதி என்ற வதந்தி கிளம்பி, 2010 ஜனவரியில் ஆந்திரத்தில் கடைகளை அடித்து நொறுக்குவது வரைக்கும் போனது. விதி, இல்லாவிட்டால் சதி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 'பழக்கம்' என்ற சாதாரண விஷயம் நமக்குக் கதையாகத் தெரிவதில்லை.

அறிக்கை மேலும் எனக்குக் குறை உண்டு. இந்த மாதிரி அறிக்கைகளின் மொழி, படிக்க வேண்டியவர்களை விரட்டுவதற்கென்றே எழுதின மாதிரி இருக்கும். செய்வினை இருக்காது, ஆள் இருக்க மாட்டார்கள், சுருக்கெழுத்துகள் மட்டும் இருக்கும். ஒரு நல்ல எழுத்தாளனுக்குக் கிடைத்திருந்தால் அந்த ஆறு நிமிடம் பள்ளிப் பாடத்துக்கே வந்திருக்கும்.

கிணறும் விளக்கும்

பழக்கம் என்று எதைச் சொல்கிறேன்? நம்ம பக்கத்துக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பாழடைந்த கிணற்றில் தூர்வார இறங்கும்போது பழைய ஆட்கள் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் கீழே காற்று சரியில்லை என்று அர்த்தம். யாரும் இறங்கக் கூடாது. அங்கே தைரியசாலி யார் என்ற பேச்சே இல்லை. இறங்கும்போதும் மேலே ஒருத்தர் கயிற்றோடு நிற்பார். இரண்டே விதி. ஒன்று, எப்போது நிறுத்துவது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிடுவது. இரண்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்த ஆள் ஒருத்தர் வெளியே இருப்பது.

சின்ன விமானத்தின் பாதுகாப்புப் பழக்கங்கள் எல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

முதல் விதியை எடுத்துக்கொள்ளலாம். மேகத்தின் அடிமட்டம் இவ்வளவுக்குக் கீழே வந்தால் திரும்புவேன், இந்த ஊரைத் தாண்டும்போது பெட்ரோல் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் திரும்புவேன் என்று தரையில் நின்றபடியே எண்ணாக எழுதிவைப்பது. மேலே போன பிறகு முடிவெடுக்கலாம் என்றால் நடக்காது. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் அனுபவம் இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானம் ஓட்டவைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. மேகத்துக்குள் நுழைந்த பிறகு யோசிக்க அவ்வளவுதான் அவகாசம்.

பெட்ரோலை மீட்டர் முள்ளை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டு அளப்பது, டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துக் கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, மே மாத வெயிலில் காற்று லேசாகி விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓடணும் என்பதைக் கணக்கில் வைப்பது, இதெல்லாம் விளக்கை இறக்கிப் பார்க்கிற வேலை.

பறக்கும்போதும் ஒரு விளக்கு உண்டு: 'இப்போ எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன்?' செஸ்னா 172 மாதிரி விமானம் 1,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போகும். சாலவாக்கத்துக்கு மேலே என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்துக்குள் ஏரி, கல் குன்று, குவாரிப் பள்ளம், பனை வரிசை, மின்கம்பி எல்லாம் வரும். மே மாதம் காய்ந்து கிடக்கும் ஏரி நல்ல இறங்குதளம். அதே ஏரி டிசம்பரில் தண்ணீர். போதாக்குறைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலுக்கு வரும் நாரையும் கூழைக்கடாவும் வெயில் ஏறினதும் வட்டமடித்து மேலே ஏறும். வரைபடத்தில் ஒரே ஊர். விமானிக்குப் பருவத்துக்கு ஒரு ஊர்.

இரண்டாவது விதி, மேலே கயிற்றோடு நிற்கும் ஆள். எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குச் சேருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது, வழி மாறினால் அதையும் சொல்வது, சேர்ந்ததும் சொல்வது. சர்வதேச நடைமுறைப்படி, வர வேண்டிய தகவல் வராமல் 30 நிமிடம் தாண்டினாலே நிச்சயமின்மை நிலை தொடங்கிவிடும். அதன் பிறகு எச்சரிக்கை நிலை, அதன் பிறகு ஆபத்து நிலை. ஆனால் யாரோ ஒருத்தர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கும்.

406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடும் அவசரக் கருவியின் சிக்னலைச் செயற்கைக்கோள்கள் பிடித்துவிடும். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே கருவி இருந்தால் மட்டும் போதாது. எந்த அலைவரிசை, பேட்டரி எப்போது மாற்றியது, யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதும் தெரியணும்.

உட்காருவதா, நடப்பதா

இங்கே செந்த்-எக்சுபெரி சார்பாக ஒருத்தர் வாதாடலாம். 'விமானத்தை விட்டு நகராதே' என்பதுதான் எல்லாக் கையேடும் சொல்லும் விதி. அவர் அதை மீறி நடந்தார், பிழைத்தார். அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. எதிர்ப்பக்கத்து உதாரணங்களும் இருக்கின்றன. 1933 ஏப்ரலில் பில் லங்காஸ்டர் என்ற ஆங்கிலேய விமானி சஹாராவில் ராத்திரியில் விழுந்தார். விதிப்படி விமானத்தின் பக்கத்திலேயே இருந்தார். சுமார் 9 லிட்டர் தண்ணீரை அளந்து குடித்து எட்டு நாள் தாக்குப்பிடித்து இறந்தார். அவரும் விமானமும் டைரியும் கண்ணில் பட்டது 1962இல். 1929 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஆண்டர்சன், ஹிட்ச்காக் என்ற இருவர், காணாமல் போன நண்பர்களைத் தேட கூக்கபுரா என்ற சின்ன விமானத்தில் போனார்கள். ரேடியோ இல்லை, தண்ணீர் ரொம்பக் கொஞ்சம். தந்திக் கம்பத்து வரிசையைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தவர்கள், குறுக்கு வழி என்று பாலைவனத்துக்குள் திரும்பினார்கள். எஞ்சின் கோளாறில் இறங்கியவர்களால் புதருக்குள்ளிருந்து மறுபடி கிளம்ப முடியவில்லை. தேடப்பட்ட நண்பர்கள் உயிரோடு கிடைத்தார்கள். தேடப் போன இருவரும் தாகத்தில் இறந்தார்கள்.

உட்கார்ந்தவரும் செத்தார், நடந்தவரும் பிழைத்தார் என்றால் விதி பொய்யா? இல்லை. 'விமானத்தோடு இரு' என்ற விதி தனியாக நிற்கிற விதி இல்லை. எங்கே தேடுவது என்று வெளியே யாருக்காவது தெரிந்திருந்தால்தான் அதற்கு அர்த்தம். செந்த்-எக்சுபெரிக்கு இது தெரியும். இவ்வளவு பெரிய பரப்பில் தன்னை யாரும் சரியான இடத்தில் தேட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நடக்கிறார். அதாவது பெங்காசியைத் தாண்டியபோதே மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லை. பெடூயின் வந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை யாரும் பழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது.

அலாஸ்கா மாதிரி இடங்களில் பறக்கிறவர்கள் தீப்பெட்டி, கத்தி, சிக்னல் கருவி எல்லாவற்றையும் விமானத்தில் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். விழுந்தால் விமானம் எரியலாம், மூழ்கலாம்; உடம்போடு இருப்பதுதான் கூட வரும். தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்காமல் பல பாட்டில்களில் பிரித்து வைத்திருந்தால், அந்த அழகான தண்ணீர்ப் பக்கம் எழுதப்படாமலே போயிருக்கலாம். இலக்கியத்துக்கு நஷ்டம்தான். ப்ரெவோவுக்கு லாபம்.

எழுதப்படாத பறத்தல்

1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஒரு பஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுவந்தார். வழிகாட்டும் ரேடியோ கிடையாது. பம்பாயில் விமான நிலையம் என்பது ஜுஹு கடற்கரைச் சேற்று மைதானம். இருந்தும் தபால் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது. அது ஒன்றும் நடக்காத பறத்தல். ஒன்றும் நடக்காததால் அதைப் பற்றிப் பெரிய இலக்கியமும் இல்லை. தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954லிருந்து இருக்கிறது. பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று விமானிகளுக்கே கற்றுக்கொடுக்கும் இடம். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த உலகம் தமிழ் எழுத்துக்குள் வந்தது குறைவு. நம் சினிமாவிலும் விமானம் வந்தால் ஒன்று சவால், இல்லாவிட்டால் விபத்து. திரும்பி வந்துவிட்ட விமானியை நாயகனாக வைத்து யாரும் கதை சொல்வதில்லை.

செந்த்-எக்சுபெரி 1944 ஜூலை 31 அன்று ராணுவப் புகைப்பட வேலைக்காகத் தனியாகப் பறந்து போய்த் திரும்பவில்லை. அவருடைய விமானத்தின் பாகங்கள் மார்சேய் கடலில் கிடைத்தது 2000இல். அவருடையதுதான் என்று உறுதியானது 2004இல். கியோமே தன் மனைவிக்கு வேண்டாம் என்று நினைத்த காத்திருப்பு, செந்த்-எக்சுபெரியைத் தேடியவர்களுக்கு அறுபது வருஷம். அது போர்க்காலம், அதை வைத்து அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். குறிப்பாக கியோமே பகுதியை இரண்டு தடவை. அதன் பிறகு அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி யோசியுங்கள். கியோமே பனியில் எழுந்து நடந்ததற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டியிருந்தது. 'நான் கிளம்புகிறேன், பதினொரு மணிக்குள் போன் வராவிட்டால் தேட ஆரம்பியுங்கள்' என்று ஒருத்தரிடம் சொல்ல எந்தத் துணிச்சலும் வேண்டாம். அதனால்தான் அதைச் செய்ய மறந்துவிடுகிறோம்.